தோட்டத்து ரொட்டி, கோதுமை இல்லாமல்: ஒரு லயத்துச் சமையலறையை மாற்றிய வேலைப் பதிவு

சீலியாக் என்பது, கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் பழுதாக்கும் நோய். அது என்று தெரிந்ததும் கிளினிக்கில் ஒரு பட்டியல் சொல்வார்கள். பாண், பணிஸ், ரொட்டி, கொத்து, நூடில்ஸ், பிஸ்கட் கூடாது; சோறு, கிழங்கு, பருப்பு, மீன், முட்டை சாப்பிடலாம். பட்டியலில் பிழையில்லை. ஆனாலும் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயமொன்றில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அதை மூன்று மாதம் வரி தவறாமல் பிடித்த ஒரு வீட்டில், கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவுக்கு வயிற்றுப் பொருமலும் விடவில்லை, இரும்புச்சத்துக் குளிசை போட்டும் இரத்தச்சோகை மாறவில்லை. கோதுமை ரொட்டியை அவர் தொடவேயில்லை. அவருக்கான குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி, மற்ற ஐந்து பேருக்கும் கோதுமை ரொட்டி சுட்ட அதே கல்லில், அதே அரிதட்டில் அரித்த மாவில் சுடப்பட்டது.

அந்தச் சமையலறையை ஆறு வாரத்தில் மாற்றியமைத்த வேலையின் குறிப்பு இது. எது சரிவந்தது, எது பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பதையெல்லாம் சேர்த்தே எழுதியிருக்கிறது.

தொடங்க முன் ஒன்று. சந்தேகம் மட்டும் இருக்கிறது, சோதனை இன்னும் செய்யவில்லை என்றால் கோதுமையை நிறுத்தவே கூடாது. இந்த நோயில் இரத்தத்தில் கூடும் எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. பரிசோதனையும், எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து எடுக்கும் திசுத் துண்டும், ஆள் வழமைபோலக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உண்மையைக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் 'ஒன்றுமில்லை' என்று வரும். பிறகு சோதனைக்காகவே பல வாரம் திரும்பக் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். அந்த வாரங்கள் சித்திரவதை. இரத்தப் பரிசோதனையோடு மொத்த ஐ.ஜி.ஏ. (அந்த வகை எதிர்ப்புப் புரதம் முழுவதும்) அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அது பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு முதல் சோதனை பொய்யாகத் தெளிவு காட்டும். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மாதக்கணக்கில் இரும்புக் குளிசை போட்டும் ஏறாத இரத்தச்சோகைக்கு இந்தச் சோதனையையும் கேட்பது தவறில்லை.

எவ்வளவு சின்ன அளவு

ஒரு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் நின்றால் பெரும்பாலான நோயாளிகளின் குடல் தாங்கும். நாள்தோறும் 50 மில்லிகிராம் போனால் மூன்று மாதத்தில் குடலின் சடைமுளைகள் (உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள்) பழுதாகத் தொடங்குவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 50 மில்லிகிராம் என்பது அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடிய மா. தேத்தண்ணிக் கரண்டியில் கால்வாசியும் வராது. 10 மில்லிகிராம் இரண்டு விரலால் கிள்ளும் அளவு. 'குளூட்டன் அற்றது' என்று பொதியில் போடுவதற்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் விடும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

சூடு குளூட்டனை அழிக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது புரதம். கொதித்தாலும் பொரித்தாலும் வேகுமே தவிர, நோயாளிக்குச் செய்யும் கேடு குறையாது. கருகிச் சாம்பலானால் மட்டுமே போகும். ரொட்டிக் கல் வேலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

மா போகிற வழி

முதல் இரண்டு நாள் எதையும் மாற்றவில்லை. மா எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கோதுமை மா வெள்ளை, சுவரும் வெள்ளைச் சுண்ணாம்பு, கண்ணுக்குத் தெரியாது. அதனால் கறுப்பு பொலித்தீன் தாளை வெட்டி, ஒவ்வொன்றும் புத்தகமளவில், தட்டில், அடுப்புத் திட்டில், உப்புப் பேணி மூடியில், தண்ணீர்க் குடத்து மூடியில் வைத்தது. பிறகு வழமைபோல ஒன்றரைக் கிலோ மா அரித்துப் பிசைந்தார்கள். அரை மணி நேரம் கழித்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், அரிதட்டிலிருந்து ஆறடி தள்ளியிருந்த உப்புப் பேணித் தாளில்கூடச் சாம்பல் பூத்ததுபோல மா படிந்திருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, குளிருக்குச் சன்னலையும் அடைத்து மா அரித்தால் தூசு போக வேறு இடமில்லை.

கையால் போகும் வழி இன்னும் பெரிது. பிசைந்த கையோடு உப்பு எடுப்பது, எண்ணெய்ப் போத்தலைப் பிடிப்பது, கேத்தலைத் தூக்குவது, தேங்காய் துருவுவது. ரொட்டி மாவில் தேங்காய்ப்பூ போடுகிற ஊரில் துருவலையின் பற்களுக்கிடையில் மா காய்ந்து இறுகியிருக்கும். சம்பலுக்குத் துருவும் தேங்காயும் அதே பல்லில்தான். 'அவர் சம்பலும் சோறும்தானே சாப்பிட்டார்' என்று எல்லாரும் சத்தியம் பண்ணின நாட்களுக்கும் விளக்கம் அங்கேதான் கிடைத்தது.

எதைத் தூக்கிப் போடுவது, எதைக் காப்பாற்றுவது

அரிதட்டைக் கழுவிச் சரிப்படுத்த முடியாது. வலையின் முடிச்சுக்குள் மா இறுகிவிடும். புதிது வாங்கி, விளிம்பில் சிவப்பு நூல் சுற்றியது. மர அகப்பை, உருட்டுக்கட்டை, பலகை, மர இடியப்ப உரல் எல்லாம் பழையது கோதுமைக்கே, புதிது ஒவ்வொன்று. சிரட்டை அகப்பை செய்துகொள்ளச் செலவில்லை. பிரம்பு இடியப்பத் தட்டு புதிது. கீறல் விழுந்த நொன்ஸ்டிக் சட்டி வேண்டாம். அலுமினியச் சட்டி, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் போத்தல் ஆகியவற்றுக்குச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் போதும். துருவலையைப் பழைய பல்தூரிகையால் பல் பல்லாகத் தேய்த்து, கொதிநீர் ஊற்றித் திரும்பத் தேய்த்தது. அதற்குப் பிறகு ஒரே விதி: துருவலைக்குப் போகும் கை கழுவிய கை. திறந்திருந்த உப்பு, சீனி, மஞ்சள் எல்லாம் மற்றவர்களுடைய சமையலுக்கு ஒதுக்கி, நோயாளிக்குப் புதுப் பொதி. ரோல்ஸ், கட்லட் பொரித்த எண்ணெயை எத்தனை தரம் வடித்தாலும் பயனில்லை. பாத்திரம் கழுவும் பஞ்சும் துடைக்கும் துணியும் வேறு நிறம்.

ரொட்டிக் கல்லைத் தூக்கிப் போட அந்த வீட்டில் மனமில்லை. தலைமுறை கண்ட வார்ப்பிரும்பு. அந்தக் கனத்தில் இப்போது கிடைக்காது. வார்ப்பிரும்பின் மேல் படிந்த கறுப்புப் படை, வருடக்கணக்கான எண்ணெயும் மாவும் சேர்ந்து இறுகியது. கழுவினால் மேலே மட்டும்தான் சுத்தமாகும். அடியோடு எரித்து எடுக்க வேண்டும். செய்த முறை:

பழைய கத்தியால் மேல்படையைச் சுரண்டிய பின், 80 ஆம் இலக்க உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தது. பிறகு வெளியில் மூன்று கல் வைத்து, காய்ந்த தேயிலை மிலாறும் (கவ்வாத்தில் வெட்டிய கிளை) கருப்பந்தேயிலை (யூகலிப்டஸ்) மரக் கட்டையும் போட்டு நெருப்பெரித்து, கல்லைக் கவிழ்த்துப் போட்டு ஒரு மணி நேரம், திருப்பிப் போட்டு முக்கால் மணி நேரம். முதலில் நாறும் புகை வரும்; அது நிற்கும்வரை விட வேண்டும். கடைசியில் கறுப்புப் படை சாம்பல் நிறப் பொடியாகி, விரலால் தொட்டால் உதிரும் நிலைக்கு வரும். (அது ஆறிய பிறகு.) தண்ணீர் தெளித்து ஆற்றக் கூடாது. வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் வெடிக்கும். மழைத்தூறலில் செய்தாலே ஆபத்து. நெருப்பு தானாக அணைந்து, கல் தானாக ஆறியதும் கம்பிப் பஞ்சும் சவர்க்காரமும் போட்டுச் சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை கழுவி, உடனே அடுப்பில் வைத்துக் காய வைத்தது. அரை மணி நேரம் விட்டாலே மலைக் குளிரில் துருப்பிடிக்கும்.

எண்ணெய் ஏற்றுவதில் முதல் தடவை பிழைத்தது. தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசியதால் பிசின்போல ஒட்டும் படையானது. திரும்பத் தேய்த்து, இரண்டாவது தடவை ஒரு தேத்தண்ணிக் கரண்டி எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, அதே துணியின் காய்ந்த பக்கத்தால் எண்ணெய் இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்து எடுத்து, புகை வந்து நிற்கும்வரை சூடாக்கியது. இப்படி நாலு தரம். கல் கறுத்து மினுங்கியது. அன்றிலிருந்து அது கோதுமை படாத கல். மற்றவர்களுக்கு மலிவான ஒரு தகடு வாங்கினார்கள்.

ஆறு பேரும் கோதுமையை விட்டுவிடலாமே என்று கேட்கலாம். முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் சம்பள நாளுக்கு முந்தின வாரம் அரிசி தீர்ந்து மா மட்டும் கையிலிருக்கும் வீட்டில் அந்த அறிவுரை நிற்காது. அதனால் ஒழுங்கை மாற்றியது. நோயாளியின் ரொட்டியும் கறியும் முதலில். மூடி வைத்த பிறகே கோதுமை மாப் பேணி திறக்கப்படும். அந்தப் பேணி கீழ்த்தட்டில், குளூட்டன் இல்லாதவை மேல்தட்டில். மா கொட்டினால் கீழேதான் கொட்டும். கோதுமை மா அரிப்பது சமையலறைக்குள் வேண்டாம். வாசல் திண்ணையில், காற்றுக்கு முதுகு காட்டி. அரித்தவர் மேல்சட்டையைத் தட்டிவிட்டு, கை கழுவி உள்ளே வர வேண்டும். கறுப்புத் தாளைத் திரும்ப வைத்துப் பார்த்தபோது உள்ளே ஒன்றும் படிந்திருக்கவில்லை.

மா எங்கே அரைப்பது

குரக்கன் மா, அரிசி மா என்று கடையில் விற்பதை அப்படியே நம்ப முடியாது. மலிவுக்குக் கோதுமை மா கலப்பதுண்டு. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 50 கிராம் மாவை 30 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு உருண்டையாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் உருண்டையை மெல்லப் பிசைந்து கழுவ வேண்டும். அரிசி, குரக்கன், சோளம் என்றால் உருண்டை முழுவதும் கரைந்து பால் தண்ணீராகிவிடும். கையில் ஒன்றும் மிஞ்சாது. கோதுமை நிறையக் கலந்திருந்தால் விரலிடுக்கில் சுயிங்கம்போல இழுபடும் ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன். தனிக் கோதுமை மாவில் 15 கிராம் அளவுக்கு ஈரக் குளூட்டன் வரும். முதலில் அதைச் செய்து விரலுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. இந்தச் சோதனை கலப்படக்காரரைப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால் அந்த மா பாதுகாப்பானது என்றாகாது. நூற்றுக்கு ஒரு பங்கு கோதுமை கலந்தாலும் கையில் தெரியாது. நோயாளிக்கு அது பல மடங்கு அதிகம். அயடீன் சொட்டுவது இதற்கு உதவாது. அரிசி மாவும் நீலமாகத்தான் மாறும்.

அரவை மில்லும் சிக்கல்தான். முன்னால் வந்தவர் ஆட்டா மாவுக்கோ சத்து மாவுக்கோ கோதுமை அரைத்திருந்தால், அடுத்த இரண்டு மூன்று கிலோவில் அது வரும். இரண்டு கிலோ குருணல் அரிசியை முதலில் ஓட்டி, அந்த மாவைக் கோழிக்குக் கொடுப்பதுண்டு. குறையும், அறுதியாகப் போகாது. அந்த வீட்டில் கடைசியில் மிக்ஸியிலேயே அரைப்பதென்று முடிவானது. ஒரு கிலோ பச்சையரிசியை மூன்று தரம் கழுவி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் கையில் ஒட்டாத பதத்துக்கு ஆறவிட வேண்டும். நுவரெலியாப் பக்கத்து ஈரக் காற்றில் அதற்கு ஒன்றரை மணி நேரமாவது எடுக்கும். 150 கிராமாக அரைத்து அரித்து, கட்டையை மறுபடி அரைக்க வேண்டும். மிக்ஸியை இருபது விநாடிக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் மா சூடேறிக் கட்டியாகும். பிறகு இளந்தீயில் வறுக்க வேண்டும். ஆவி நின்று, மாவை எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழும் பதத்தில் இறக்க வேண்டும். நிறம் மாறினால் பிந்திவிட்டது.

குரக்கனைத் தானியமாக வாங்கிக் கல் அரித்து, கழுவி, காயவைத்து அரைக்கலாம். மைசூர்ப் பருப்பிலும் கவனம் வேண்டும். கோதுமையும் பருப்பும் மாறி மாறி விளையும் நிலத்திலிருந்து வருவதால் கோதுமை மணிகள் கலந்திருக்கும். சொளகில் ஒரு கைப்பிடியாகப் பரப்பிப் பார்த்தால், நீண்டு நடுவில் கோடு விழுந்த மணி தனியாகத் தெரியும். ஒரு கோதுமை மணி 40 மில்லிகிராம் அளவு. அதில் மூன்று மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன். மூன்று மணி ஒரு சட்டிப் பருப்புக்குள் போனாலே நாளின் கணக்கு முடிந்துவிடும்.

ரொட்டி வந்த கதை

இந்த வேலையில் அதிக நாள் எடுத்தது இதுதான். எடுக்கத்தான் வேண்டும். ஆறு மணிக்குச் சுட்டு, துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோய், பன்னிரண்டு மணிக்குச் சம்பலோடு சாப்பிட முடியாத ரொட்டி, தோட்டத்தில் ரொட்டியே அல்ல. அது கிடைக்காவிட்டால் என்றாவது ஒருநாள் பக்கத்து நிரைக்காரி நீட்டும் ரொட்டியை வாங்கத்தான் கை போகும். அதனால் அளவுகோல் ஒன்று வைத்துக்கொண்டது: ஆறு மணி நேரம் கழித்து இரண்டாக மடித்தால் வெடிக்கக் கூடாது.

முதலாவது முயற்சி, அரிசி மா 300 கிராம், தேங்காய்ப்பூ 100 கிராம், பச்சைத்தண்ணீர். தட்டும்போதே ஓரம் பிளந்தது; கல்லிலிருந்து எடுக்கும்போது நாலாக உடைந்தது. கோதுமையில் வலைபோலப் பிடித்து நிறுத்துவது குளூட்டன். அது இல்லாத மாவில் அந்த வேலையை வெந்த மாச்சத்துத்தான் செய்ய வேண்டும். பச்சைத்தண்ணீரில் மாச்சத்து வேகாது.

இரண்டாவது, கொதிநீர் ஊற்றிப் பிசைவது. கொழும்பில் இதே முறையில் நன்றாக வருகிறது. இங்கே பாதிதான் வந்தது. காரணம் உயரம், கூடவே குளிர். அரிசி மாச்சத்து நன்றாக வேக 70 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஹட்டன் 1,271 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில், 1,868 மீற்றரில், 94. சமையலறை மா 16 பாகையில் கிடக்கும். சம எடை மாவும் கொதிநீரும் கலந்தால் கணக்குப்படி 72 பாகை. சில்லிட்ட அலுமினியச் சட்டி தன் பங்கை எடுத்ததும், கலவையில் வெப்பமானி 64 காட்டியது. மாவில் பாதி வெந்தது, பாதி பச்சை. சட்டியின் ஓரத்தில் உலர் மணல்போல நின்றது.

மூன்றாவது, கொழுக்கட்டைக்குக் கிண்டுவதுபோல அடுப்பிலேயே கிண்டியது. மா வெந்தது, உருண்டது, தட்ட வந்தது, சுடவும் வந்தது. வெற்றி என்றுதான் தோன்றியது. இரண்டு மணி நேரத்தில் பலகையாகிவிட்டது. வெந்த மாச்சத்து ஆறும்போது தண்ணீரை வெளியே தள்ளி மீண்டும் இறுகும். குளிர்சாதனப் பெட்டிக் குளிரில் அந்த இறுக்கம் மிக வேகம். மார்கழி, தை மாதக் காலையில் மலையில் வீசும் காற்று அந்தக் குளிருக்கு அதிக தூரமில்லை. கொழும்பில் மாலைவரை மெத்தென்றிருக்கும் ரொட்டி இங்கே பத்து மணித் தேத்தண்ணிக்கே விறைப்பது இதனால்தான்.

நாலாவதில் அவித்த உருளைக்கிழங்கு சேர்த்தது. ஈரத்தைப் பிடித்து வைத்தது, ஆனால் கல்லில் ஒட்டியது. 300 கிராம் மாவுக்கு 200 கிராம் கிழங்கு கூடுதல். ஐந்தாவதில் மரவள்ளி மா 60 கிராம் சேர்த்தது. நன்றாக இழுபட்டது, வாயில் றப்பராக இருந்தது. ஆறாவதில் இசப்கோல் உமி வந்தது. பார்மசியில் மலச்சிக்கலுக்கு விற்கிற அதே உமிதான். சுவை சேர்க்காத வெறும் உமியாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரை உறிஞ்சி வழுவழுப்பான கூழாகி, குளூட்டன் செய்கிற பிடிப்பில் ஒரு பங்கைச் செய்யும். முதல் தடவை கொதிநீரில் நேரே கொட்டியதில் கட்டி கட்டியாக நின்றது. உலர்ந்த மாவோடு கலந்துதான் போட வேண்டும்.

நின்ற அளவு, பத்து ரொட்டிக்கு: வறுத்த அரிசி மா 200 கிராம், குரக்கன் மா 100, தேங்காய்ப்பூ 100, அவித்து மசித்த உருளைக்கிழங்கு 150, இசப்கோல் உமி 12 (இரண்டரை மேசைக்கரண்டி), உப்பு ஒரு தேத்தண்ணிக் கரண்டி, தண்ணீர் 260 மில்லிலீற்றர் கொதிக்கவைக்க, 70 மில்லிலீற்றர் வெதுவெதுப்பாக.

260 மில்லிலீற்றர் தண்ணீரை உப்போடு கொதிக்க விட்டு, அரிசி மா முழுவதையும் ஒரே தடவையில் கொட்டி, தீயைக் குறைத்து இரண்டு நிமிடம் அகப்பைக் காம்பால் கிண்ட வேண்டும். சட்டியை விட்டு ஒட்டாமல் உருளும். இறக்கி, மூடி, பத்து நிமிடம். மூடாவிட்டால் மேலே தோல் பிடித்து, பிறகு பிசையும்போது கட்டி கட்டியாக வரும். கை பொறுக்கும் சூட்டில் கிழங்கு, தேங்காய்ப்பூ, உமி கலந்த குரக்கன் மா, வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து ஐந்து நிமிடம் உள்ளங்கை அடியால் அழுத்திப் பிசைய வேண்டும். முதல் இரண்டு நிமிடம் களிபோல ஒட்டும். அப்போது மா தூவினால் ரொட்டி வறண்டுவிடும். உமி தண்ணீர் குடித்ததும் தானாக இறுகும். ஈரத் துணியால் மூடி இருபது நிமிடம் விட்டு, 85 கிராம் உருண்டைகளாக்கி, எண்ணெய் தொட்ட வாழையிலையில் 14 சென்ரிமீற்றர் அகலம், அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்ட வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் துளி விழுந்தால் ஓடி மறைய வேண்டும். மிதமான தீயில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று, கடைசியில் ஓரங்களை அகப்பையால் அழுத்தி ஒரு நிமிடம்.

சுட்டதும் தட்டில் பரப்பி ஆறவிடக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக, வாட்டிய வாழையிலையில் சுற்றி, அதன்மேல் தடித்த துணி. கொழுந்துக் கூடைக்குள் வைத்தாலும் பன்னிரண்டு மணிக்கு மடித்தபோது வெடிக்கவில்லை. மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். விறைத்தது கல்லில் திரும்பச் சூடானால் இளகும், ஆறினால் முன்னிலும் கடிது.

கடையில் ஒளிந்திருப்பவை

கடையில் வெறும் 'மா' என்றால் கோதுமை மாதான். 'தோசைக்கு மா போட்டிருக்கா?' என்று கேட்டால் எல்லா மாவும் மா என்று நினைத்து 'ஓம்' என்பார்கள்; 'கோதுமை மா போட்டிருக்கா அண்ணே?' என்று கேட்டால், 'கொஞ்சம்தான், முறுகலா வரத்தானே' என்பார்கள். அந்தக் கொஞ்சம் ஒரு தோசைக்குள் கிராம் கணக்கில் இருக்கும். இங்கே இடியப்பம், பிட்டு, அப்பம், உழுந்து வடை எதையும் அரிசிப் பலகாரம், உழுந்துப் பலகாரம் என்று நம்பிச் சாப்பிட முடியாது. வெள்ளை இடியப்பத்தில் அவித்த கோதுமை மா மிகச் சாதாரணம். கடலை வடையில் மா இல்லாவிட்டாலும் அது பொரிந்த எண்ணெயில் ரோல்ஸும் பொரிந்திருக்கும்.

பொதிகளில் தமிழ் எழுத்து பொடியாகவோ பிழையாகவோ இருக்கும். சிங்களத்தில் 'திரிங்கு பிட்டி' என்பது கோதுமை மா. பேச்சில் 'பான் பிட்டி'. இந்த இரண்டையும் தெரிந்து வைத்திருந்தால் கடைக்காரரிடம் வாசிக்கச் சொல்லியாவது கேட்கலாம். ரவை, சேமியா, ஆட்டா எல்லாம் கோதுமைதான் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு ஒருமுறை இருத்திச் சொல்ல வேண்டும். 'ரவைக் கஞ்சி வயித்துக்கு லேசு' என்று அன்பாலேயே கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலுக்கும் சலக்கடுப்புக்கும் கொடுக்கும் பார்லித் தண்ணியும் அப்படித்தான். பார்லியிலும் குளூட்டன் உண்டு. வடித்த தண்ணியிலும் உண்டு. அதற்குப் பதிலாக மல்லித் தண்ணியோ அரிசிக் கஞ்சியோ கொடுக்கலாம். ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட், மைலோ மூன்றிலும் மால்ட் (முளைகட்டிய பார்லி), மார்மைட்டிலும் பார்லி. வெறுந்தேத்தண்ணிக்குப் பயமில்லை.

பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா சேர்ப்பார்கள். சாம்பார்த் தூள், ரசத் தூள் வழியாகவும் அது வரும். பெருங்காயத்தை விட்டுவிட்டு உள்ளியும் சீரகமும் கூட்டிப் போட்டால் ரசத்துக்குக் குறை தெரியாது. சோயா சோஸ் வழமையான முறையில் கோதுமை சேர்த்துப் புளிக்கவைப்பது. கடைப் பிறைட் றைஸ் அதனால் கூடாது. சோயா மீட் பொதிகளில் சிலவற்றில் கோதுமை உண்டு, கூட வரும் சுவைத்தூளிலும் இருக்கலாம். பட்டியலை இரண்டு இடத்திலும் வாசிக்க வேண்டும். சொசேஜஸ், சூப் கட்டி, கடை முறுக்கு, ஓட்ஸ் ஆகியவையும் அதே வரிசை. கறித்தூளை வீட்டிலேயே வறுத்து அரைப்பது ஒரு மணி நேர வேலை: மல்லி 500 கிராம், செத்தல் மிளகாய் 250, பெருஞ்சீரகம் 75, சின்னச்சீரகம் 75, மிளகு 50, வெந்தயம் 15, கறிவேப்பிலை, ரம்பை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் மல்லி வறுபடுமுன் வெந்தயம் கருகிக் கசக்கும்.

சாவு வீட்டில் தேத்தண்ணி மட்டும், விசுக்கோத்து வேண்டாம். கலியாண வீட்டில் பந்தி தொடங்க முன், பொதுக் கரண்டிகள் கலக்காத நேரத்தில், சோறும் பருப்பும் எடுத்து வைக்கச் சொல்லலாம். கோயில் பொங்கலில் சிக்கலில்லை. தேவாலயத்தில் நற்கருணை அப்பம் கோதுமையாலேயே செய்யப்பட வேண்டும் என்பது கத்தோலிக்கச் சட்டம். குளூட்டன் மிகக் குறைத்த அப்பமோ, திராட்சை இரசம் மட்டும் அருந்துவதோ அனுமதிக்கப்படுகிறது. அப்பத் துண்டு போடாத தனிக் கிண்ணம் வேண்டும் என்று பாதரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கிளினிக்குக்குப் போகும்போது டி.டி.ஜி. அளவை ஆறாம் மாதத்திலும் ஒரு வருடத்திலும் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைகள், பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்கும் சோதனை வேண்டும். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இருக்கலாம், வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லாமலே. அவர்களுக்கும் அதே விதி, சோதனை முடியும்வரை கோதுமை ரொட்டி நிற்கக் கூடாது. ஆறாம் மாதத்தில் அளவு இறங்கவில்லையென்றால் புதிய மருந்து தேட முன், கறுப்பு பொலித்தீன் தாளைத் திரும்ப எடுத்து அதே இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். துருவலையிலிருந்து தொடங்கலாம்.